பரீட்சைக்காக வைத்திருந்த மனிதர்

நோயை மறைக்கச் சொல்லி எந்த டொக்டரும் சொல்லமாட்டான். ஒரு வைத்தியசாலை விறாந்தையில் நின்று, இறந்துபோனவரின் அண்ணனுக்கு நான் சொன்ன வசனம் இது. பச்சைப் பொய். மறைக்கச் சொன்ன டொக்டர் நான்தான். அந்த ஒரு வசனத்தால், புருசனைச் சாகக் கொடுத்துவிட்டுப் பழியை டொக்டர் மேல் போடப் பார்த்தவள் என்ற பெயரோடு ஒரு பெண் பல வருடம் தன் ஊரில் வாழ்ந்தார். நான் பேராசிரியர் என்ற பெயரோடு திருகோணமலையில் வாழ்ந்தேன்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அழுகை வரவில்லை. அழுதால் என் மேல் எனக்கே இரக்கம் வந்துவிடும். அந்த இரக்கத்துக்கு நான் உரியவன் அல்ல.

தொற்றுநோய் மருத்துவம் என் துறை. வாட்டில் நோயாளரைப் பார்ப்பது, மாணவருக்குப் படிப்பிப்பது, நோய்களை ஆராய்ந்து எழுதுவது, மூன்றும் என் வேலை. மூன்றையும் ஒரே ஆள் செய்வதுதான் போதனா வைத்தியசாலையின் சிறப்பு என்று புதிய மாணவருக்கு வருடந்தோறும் சொல்வேன். மூன்று வேலைக்கும் ஒரே உடம்புதான் பயன்படுகிறது, அது நோயாளியின் உடம்பு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வைத்தியசாலை எதுவென்று எழுதப்போவதில்லை. நான் செய்ததை ஒரு கட்டடத்தின் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை.

இறுதி வருட மாணவருக்கு நோயாளியை வைத்துத்தான் பரீட்சை. எழுத்தில் கெட்டிக்காரனாக இருப்பவனும் கட்டிலருகே வந்து தடுமாறினால் டொக்டராக முடியாது. அது நல்ல முறை. ஆனால் அதற்கு ஆட்கள் வேண்டும். பரீட்சை நெருங்கினால் நாங்கள் வாட்டு வாட்டாகப் போவோம். வீங்கிய ஈரல், இரைகிற இதயம், தண்ணீர் கட்டிய நெஞ்சு என்று, வேள்விக்குக் கிடாய் பார்க்கிறவர்களைப் போலத் தேடுவோம். வீட்டுக்குப் போக இருந்தவரையும் கொஞ்சம் நில்லுங்கள் என்று நிறுத்துவோம். கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் அட்டையைக் கழற்றித் தாதியின் மேசைக்குள் வைப்போம். பிறகு நோயாளிக்கு ஒரு பாடம் நடக்கும். வருத்தத்தின் பெயரைச் சொல்லக்கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில். கேளாததைச் சொல்லக்கூடாது.

நோயாளருக்கு இது பிடிக்கும். வாட்டில் அதுவரை அவர்களை நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. எழும்பு, திரும்பு, மூச்சை இழு என்று மட்டும் கேட்டுப் பழகியவர்கள். நாங்கள் ஒரு இரகசியத்தைக் கையில் கொடுத்துக் காக்கச் சொல்கிறோம். காப்பார்கள். உயிரைக் கொடுத்தும் காப்பார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

நான் சொல்லும் மனிதர் ஈச்சிலம்பற்றுப் பக்கத்து வெள்ளாமைக்காரர். ஐம்பதைத் தொடாத வயது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. மழைக்குப் பிறகு வயலுக்குள் இறங்கியவரின் காலில் மண்வெட்டி பட்டிருக்கிறது. பிறகு விட்டு விட்டுக் காய்ச்சல். வேறு இடத்தில் காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்திருந்தார்கள். எலும்பும் தோலுமாய் எங்களிடம் வந்தார். இரத்தத்தை எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது மெலியோயிடோசிஸ் என்று தெரிந்தது. வயல் சேற்றில் வாழும் ஒரு பற்றீரியா செய்கிற வேலை. புண்ணால் உடம்புக்குள் ஏறி ஈரலிலும் மண்ணீரலிலும் மூட்டுகளிலும் சீழ் கட்டவைக்கும். சிலருக்கு மூளையிலும். சரியான ஊசியை வாரக்கணக்கில் போட்டு, அதன்பின் மாதக்கணக்கில் குளிசை விழுங்கவேண்டும். கண்டுபிடித்தால் காப்பாற்ற வழி உண்டு.

நான் அப்போது அந்த நோயைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வந்தபோது எனக்கு வந்தது சந்தோசம். அவருக்கு இனி மருந்து உண்டு என்ற சந்தோசம் கொஞ்சம். எனக்கு இன்னொரு ஆள் கிடைத்தார் என்ற சந்தோசம் மிச்சம்.

ஊசியில் அவர் தேறினார். காய்ச்சல் விட்டது. சோறு இறங்கியது. வாய் திறந்தால் வாட்டு சிரிக்கும். ஆனால் மண்ணீரல் இன்னும் பெரிதாகத்தான் இருந்தது. கையை வைத்தால் விளிம்பு விரலில் தட்டும். பரீட்சைக்கு அதைவிட நல்ல வயிறு கிடைக்காது. ஊசியை முடித்துக் குளிசைக்கு மாற்றினேன். அந்த நேரம் தலைமுதல் கால்வரை இன்னொருமுறை பரிசோதித்து வீட்டுக்கு அனுப்புவதுதான் முறை. பரீட்சை முடியப் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தேன்.

“வெள்ளாமை வெட்டுக்கு நிக்குது ஐயா. மெசின் வாற நேரம் நான் வரம்பில நிக்கவேணும்,” என்றார்.

“உங்கட அண்ணர் நிப்பார்தானே. பிள்ளையளுக்குச் சோதினை. நீங்கள் இல்லாட்டி ஏலாது.”

“நான் இல்லாட்டி ஏலாதோ!” என்று பக்கத்துக் கட்டிலைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டியே மச்சான்? பள்ளிக்கூடத்தில நான் நிண்டாத்தான் ஏலாது எண்டவங்கள்.”

நானும் சிரித்தேன். பிறகு என் பாடத்தைச் சொன்னேன். மற்றவர்களுக்குச் சொல்வதைவிடக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன், ஏனென்றால் இவர் கதைகாரர், வாய் சும்மா இராது.

“ஆர் வந்து கேட்டாலும் நீங்களா ஒண்டையும் சொல்லக்கூடாது. சோதினை முடியுமட்டும் வாய்க்குப் பூட்டு.”

“பூட்டியாச்சு ஐயா. திறப்பு உங்களிட்டை.”

ஆர் வந்து கேட்டாலும். மாணவரைத்தான் நினைத்துச் சொன்னேன். அதை நான் விளக்கவில்லை. வெள்ளை மேற்சட்டை போட்ட பிள்ளைகளில் யார் மாணவர், யார் பயிற்சி டொக்டர் என்று ஒரு வெள்ளாமைக்காரருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு எல்லோரும் சோதினைப் பிள்ளைகள்தான்.

பரீட்சை மூன்று நாள் நடந்தது. சில கட்டில்களில் மாணவர் கேள்வி கேட்கலாம், அவரிடம் வந்தவர்கள் கேட்கக்கூடாது. வயிற்றைத் தொட்டு, தட்டி, கண்டதைப் பரீட்சகருக்குச் சொல்லவேண்டும். அதனால் தலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. முதல் நாள் காலை ஒரு மாணவி பயத்தில் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தபோது அவர், “மெதுவா தங்கச்சி, மத்தளம் கிழிஞ்சிடும். பாட்டுக்காரன் இன்னும் வரேல்லை,” என்றார். அந்தப் பிள்ளை சிரித்து, பயம் தெளிந்து, சரியாகச் சொன்னாள். பரீட்சகர்கள் எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போனது.

அன்று பின்னேரம் தலையிடி தொடங்கியிருக்கிறது. பயிற்சி டொக்டர் ஒவ்வொரு கட்டிலாக வந்து, “ஐயா, பரவாயில்லையோ?” என்று கேட்டிருக்கிறான். “நல்ல சுகம் தம்பி,” என்றிருக்கிறார்.

இரண்டாம் நாள் நான் அவரைக் கண்டேன். ஒரு மாணவர் போய் அடுத்தவர் வருவதற்கு இடையில், முழங்கையை மடித்துக் கண்ணை மறைத்தபடி படுத்திருந்தார். “என்ன, களைச்சுப்போனீங்களோ?” என்று கேட்டேன். உடனே எழும்பி உட்கார்ந்தார். சிரித்தார். விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். வாய் பூட்டித்தான் இருக்கிறது என்று எனக்குச் சொன்னார். நான் சிரித்துவிட்டு மற்றப் பரீட்சகர்களோடு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன்.

நான் தொற்றுநோய் படித்தவன். அந்தக் கிருமி மூளைக்குப் போகும் என்று மேடையேறிப் பேசியவன். வெளிச்சத்துக்குக் கண்ணை மறைக்கும் ஒரு மனிதரைப் பார்த்துக் களைப்போ என்று கேட்டேன். அந்த அறிகுறி எனக்குத் தெரியாதது அல்ல. அந்த மூன்று நாளும் நான் அவரில் பார்த்தது வயிற்றை மட்டும்தான்.

மூன்றாம் நாள், கடைசி மாணவர் போனபின் அவருக்கு வலிப்பு வந்தது. மூளையில் சீழ். மூளைச் சத்திரசிகிச்சை செய்யும் ஊருக்கு அனுப்ப அம்புலன்ஸ் ஆயத்தமாகுமுன் இறந்தார். முதல் நாளே தெரிந்திருந்தால் தப்பியிருப்பார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். தப்பியிருக்கக்கூடிய மனிதர் என்பதை மறுக்கவும் மாட்டேன்.

விறாந்தையில் அவருடைய மனைவியும் அண்ணனும் நின்றார்கள். நான் போய்ச் சொன்னதும் அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினார். ஒப்பாரி இல்லை, என்ன நடந்ததென்று ஒழுங்காகச் சொன்னார்.

“முந்தநாளே எனக்குச் சொன்னவர் ஐயா, தலை வெடிக்குது எண்டு. நேர்ஸ் மிஸ்ஸிக்குச் சொல்லுவம் எண்டனான். வாயைத் திறக்காதை, சோதினை முடியட்டும், பெரிய டொக்டர் சொல்லக்கூடாதெண்டவர் எண்டார். என்ர கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினவர்.”

அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். “உனக்குத் தெரியுமோ? தெரிஞ்சுகொண்டோ வாயை மூடிக்கொண்டிருந்தனீ?”

“டொக்டர் ஐயா சொன்னவராம்...”

அண்ணன் என்னிடம் திரும்பினார். கைகள் தாமாகவே கும்பிட்டபடி இருந்தன. “ஐயா, நீங்களோ சொன்னனீங்கள்?”

சுற்றிவர ஆட்கள் நின்றார்கள். வெளியூர்ப் பரீட்சகர் ஒருவர் பையைத் தோளில் போட்டபடி போய்க்கொண்டிருந்தார். நான் சொன்னேன், “நோயை மறைக்கச் சொல்லி எந்த டொக்டரும் சொல்லமாட்டான்.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்து கையை எடுத்தார்.

மரணங்களை ஆராயும் கூட்டம் எங்கள் வழக்கப்படி நடந்தது. நோயாளி புதிய அறிகுறிகளைத் தெரிவிக்கவில்லை என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தெரிவிக்கவில்லை! இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவனுக்கு எங்கள் தொழில் கோயில் கட்டவேண்டும். பிழையை எவ்வளவு சுத்தமாகச் செத்தவரின் பக்கம் தள்ளிவிடுகிறது. பிறகு அவருடைய மூளைப் படத்தை வைத்து வேறு ஊர்களில் விரிவுரை செய்தேன். கிழக்கின் விவசாயிகளை யாரும் கவனிப்பதில்லை என்று அதில் குரலை உயர்த்திச் சொல்வேன். கைதட்டுவார்கள்.

ஓய்வுபெற்றபின் திருகோணமலை உட்துறைமுகம் தெரிகிற ஒரு மேட்டில் வீடெடுத்து இருந்தேன். கொஞ்சக் காலத்துக்கு முன் பழைய மாணவர் ஒருவர், இப்போது அவரும் விசேட வைத்தியர், பரீட்சை பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டார். போனேன். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு மீன்பிடிக்காரரின் கட்டிலருகே நின்று அந்தப் பழைய மாணவர் சொல்வது கேட்டது. “வாப்பா, ஆர் கேட்டாலும் நீங்களா ஒண்டும் சொல்லக்கூடாது, சரியோ?” என் சொற்கள். என் தொனி. என்னிடம்தான் படித்தவர். அந்த மீன்பிடிக்காரர் பெருமையோடு தலையாட்டினார்.

என் மாணவரை வெளியே கூப்பிட்டு, நடந்ததை முழுக்கச் சொன்னேன். பரீட்சைக்கு வைக்கிற ஆட்களைக் காலையும் மாலையும் பரீட்சையோடு சம்பந்தமில்லாத ஒரு டொக்டர் தனியாகப் பார்க்கவேண்டும், புதிதாக ஏதும் வந்தால் யாரிடமும் சொல்லலாம் என்று நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்கவேண்டும் என்றேன்.

“நல்ல யோசனை சேர்,” என்றார். “ஆனா எப்பவோ ஒண்டு நடந்ததுக்காக முறையையே மாத்த ஏலுமோ? இப்பவே ஆளுக்கு ஓடித்திரியிறம்.” பிறகு என் தோளைத் தொட்டு, “நீங்கள் இதை மனசில வைச்சு வருத்தப்படாதேங்கோ சேர். நீங்கள் எத்தினை பேரைக் காப்பாத்தினனீங்கள்,” என்றார்.

அடிக்கலாம்போல இருந்தது. அவரை அல்ல. இப்படி ஒருவரை உருவாக்கிவிட்ட கையை.

அந்தக் கோபத்தோடுதான் இறந்தவரின் மனைவியைத் தேடி ஈச்சிலம்பற்றுக்குப் போனேன். கோபம் இல்லாமல் போயிருக்கமாட்டேன். நான் அவ்வளவு நல்லவன் அல்ல. பஸ் நின்ற இடத்துக் கடையில் கேட்டபோது, “ஆர், அந்த வாய் திறக்காதவளோ?” என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொன்னார்கள். ஊர் வைத்திருந்த பட்டப்பெயர்.

அந்தப் பெண் விதைக்கு எடுத்த கச்சான் கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது.

“இருங்கோ எண்டு சொல்ல மனம் வரேல்லை. நிண்டே சொல்லுங்கோ, என்ன வேணும்?”

நின்று சொன்னேன். நான்தான் மறைக்கச் சொன்னேன், விறாந்தையில் சொன்னது பொய், உங்கள் மேல் பிழை இல்லை என்றேன். கச்சான் உடைகிற சத்தம் ஒருமுறையும் நிற்கவில்லை.

“இதை ஏன் எனக்குச் சொல்லுறீங்கள்?” என்றார். “எனக்குத் தெரிஞ்ச கதைதானே இது. தெரியாதது அவற்ர அண்ணருக்கு. ஒவ்வொரு வருசமும் திவசத்துக்குச் சொல்லி அனுப்புறன். ஒருத்தரும் வாறேல்லை. சோறு குடுத்துவிட்டா நாய்க்குப் போடுகினம். மனமிருந்தா அங்க போய்ச் சொல்லுங்கோ. நான் படலையில நிண்டு கேக்கிறன்.”

அண்ணன் வீடு அதே ஒழுங்கையின் முடிவில். என்னைக் கண்டதும் அவர் பதறிப்போனார். கதிரையைத் துடைத்துப் போட்டார். இளநீர் வெட்டிக் கையில் தந்தார். நான் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டார். முடிந்ததும் கண் கலங்க என்னைப் பார்த்தார்.

“நீங்கள் பெரிய மனுசன் ஐயா,” என்றார். “இவளுக்கு இரங்கி, செய்யாத பிழையைத் தலையில தூக்கிக்கொண்டு இந்த வெயிலுக்கை வந்திருக்கிறீங்கள். ஆர் வருவான் இப்படி? இவள் அங்க வந்து அழுதிருப்பாள். எனக்கு விளங்குது.”

படலைக்கு வெளியே நின்ற பெண் சிரித்தார். கசப்பான, சின்னச் சிரிப்பு. “கேட்டீங்களோ? நீங்களே வந்து சொன்னாலும் பிழைகாரி நான்தான். உங்களுக்கு அதிலயும் ஒரு மாலை.”

நான் உண்மையைச் சொல்லியும் அது பெருந்தன்மையாகத்தான் விழுந்தது. படிப்பும் வெள்ளைச் சட்டையும் நரைத்த தலையும் சேர்ந்து, நான் என்ன சொன்னாலும் அதை நல்லதாக்கிவிட்டன. எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழும்பிச் சத்தம் போட்டேன்.

“இரக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! உங்கட தம்பியின்ர பேர்கூட நான் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தெரியுமோ? ‘என்ர மண்ணீரல்’ எண்டுதான் மற்ற டொக்டர்மாருக்குச் சொல்லுவன். ‘என்ர மண்ணீரலை வந்து பாருங்கோ, அருமையான மண்ணீரல்.’ வீட்டை போகப்போறன் எண்டு கேட்ட மனுசனை அதுக்காகத்தான் மறிச்சனான். இரண்டாம் நாள் அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு படுத்திருந்ததை என்ர கண்ணால கண்டனான். விரலை உதட்டில வைச்சுக் காட்டினவர். நான் சிரிச்சிட்டுச் சோறு தின்னப் போனனான். பிறகு அவற்ர தலைப் படத்தைக் காட்டிக் கைதட்டு வாங்கினனான். இதையெல்லாம் இவள் எனக்குச் சொல்லித் தந்தாளோ?”

அண்ணனின் முகத்தில் இருந்த மரியாதை கரைவதைப் பார்த்தேன். அது போக நேரம் எடுத்தது. இவ்வளவு காலம் வைத்திருந்த பொருள் அல்லவா.

“மண்ணீரல்,” என்றார் மெதுவாக. பிறகு, “அண்டைக்கு நான் உங்களைக் கும்பிட்டெல்லோ நிண்டனான்.”

“ஓம்.”

“இளநீரை வைச்சிட்டு எழும்புங்கோ.”

நான் ஏற்கெனவே எழும்பித்தான் நின்றேன். வைத்தேன்.

“நான் முறைப்பாடு குடுப்பன்.”

“குடுங்கோ. நான் வந்து சொல்லுவன்.”

“உன்னைக் கேட்டுக் குடுக்கிற எண்ணம் எனக்கில்லை. வெளியில போ.” நீங்கள் என்பது நீ ஆகியிருந்தது. அந்த ஊரில் என்னைச் சரியாக அழைத்த முதல் ஆள் அவர்.

படலையைத் தாண்டும்போது, பின்னால் அவர் தம்பி மனைவியைப் பார்த்து, “உள்ளுக்கு வா,” என்று சொல்வது கேட்டது. அந்தப் பெண் வரவில்லை. “கச்சான் கிடக்குது,” என்றுவிட்டு எனக்கு முன்னாலேயே ஒழுங்கையில் நடந்துபோனார். என்னைப் பார்க்கவும் இல்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை.

முறைப்பாடு கொடுக்கப்பட்டது. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்தும் வைத்தேன். வயதான ஆசிரியர், நீண்ட காலம் போய்விட்டது, நினைவு மாறாட்டமாக இருக்கலாம் என்ற மாதிரியான முகங்களோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை. இந்த வருடப் பரீட்சையில் நோயாளரைத் தனியாகப் பார்க்க ஒரு டொக்டரைப் போட்டார்களா என்று கேட்டேன். யோசிக்கிறோம் என்றார்கள்.

சென்ற மாதம் எனக்குத் தெரியாத ஒரு இலக்கத்திலிருந்து தொலைபேசி வந்தது. அந்தப் பெண்.

“திவசம் முடிஞ்சுது,” என்றார். “அண்ணர் பெண்சாதி பிள்ளையளோட வந்தவர். இலை போட்டுச் சாப்பிட்டவை. சொல்லத்தான் எடுத்தனான்.”

“நல்லது,” என்றேன்.

“நல்லதோ கெட்டதோ அது எங்கட பாடு. மன்னிச்சனான் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. இனி இஞ்சால வரவும் வேண்டாம்.”

“ஓம், வரமாட்டன்,” என்றேன். அவர் வைத்துவிட்டார்.